குடும்பமில்லாதவர் விடுதிக்குத் தண்ணீர்

ஸ்தெலியானா வாதேனியில் வந்து இறங்கியபோது நல்ல பகல். ஆனால் மூடுபனியில் ஆற்றையும் காணோம், ஊரையும் காணோம். மினிபஸ் டிரைவர் உர ஆலையின் பழைய வாசலில் அவளை இறக்கிவிட்டு, பெட்டியையும் எடுத்துக் கீழே வைத்தான்.

"இந்த ஊர்ல இன்னும் ஆள் இருக்காங்களா?" என்று கேட்டான். கிண்டல்தான். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

ஆலையில் ஒரே ஒரு புகைபோக்கி மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. டான்யூப் கரையில் நின்ற பம்ப் ஹவுஸில் சுவர்தான் பாக்கி. மோட்டார்கள், வால்வுகள், கம்பி வடங்கள் எல்லாவற்றையும் அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆலை மூடி எத்தனையோ வருடம் ஆகிறது. அமோனியா நாற்றம் மட்டும் இன்னும் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

அவள் தம்பி பனைத் இருந்த கட்டடம் ஐந்து மாடி. ஊர் வாயில் அதற்கு இன்றைக்கும் குடும்பமில்லாதவர் விடுதி என்றுதான் பெயர். ஆலை தொடங்கிய காலத்தில், எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த கல்யாணமாகாத ஆண்களை அங்கேதான் அடைத்தார்கள். பிறகு சுவர்களை இடித்து, இரண்டு அறையை ஒன்றாக்கி, வீடு என்று பேர் வைத்துக் கொடுத்தார்கள். அதில் இரண்டாம் மாடி வீடு பனைத்துக்கு வந்தது. கல்யாணம் கடைசிவரை வரவில்லை.

தரைத்தளத்தில் தொப்ரித்சா சாவியோடு காத்திருந்தாள். ஒரு காலத்தில் ஆலையில் கிரேன் ஓட்டியவள். அத்தனை உயரத்திலிருந்து கத்திக் கத்தி அந்தக் குரல் அப்படியே தங்கிவிட்டது. பக்கத்தில் நின்று பேசினாலும் வானத்திலிருந்து பேசுவது போல இருக்கும்.

"வந்துட்டியா. குழி மண்ணு காஞ்சப்புறம் வந்திருக்க."

"இத்தாலியில நான் பாத்துக்கிற கிழவியை ஆஸ்பத்திரில சேத்துட்டாங்கக்கா. மாத்து ஆள் கிடைக்கல."

"ஊர்ல இருக்கிற கிழவிக்கெல்லாம் ஆள் இருக்கு. உன் தம்பிக்குத்தான் ஒரு நாதி இல்ல." தொப்ரித்சா அவள் முகத்தைப் பார்த்தாள். "அழணும்னா அழுதுடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"வரலக்கா."

உண்மையாகவே வரவில்லை. போனில் செய்தி கேட்டபோதும் வரவில்லை, பஸ்ஸில் இரண்டு நாட்டைக் கடந்தபோதும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி உடம்பெல்லாம் பரவிவிட்டது போல மரத்துக் கிடந்தாள். பத்து வருடமாக அடுத்தவர் வீட்டுக் கிழடுகளைக் குளிப்பாட்டி, துடைத்து, செத்தால் கண்ணை மூடிவிட்டு வந்தவள். சாவு அவளுக்கு ஒரு வேலையாகிப் போயிருந்தது.

தொப்ரித்சா கதவைத் திறந்துவிட்டாள். சமையலறையில் தொட்டியைக் காட்டினாள்.

"இங்கதான் கிடந்தான். கையில டம்ளர். குழாய் திறந்தபடி இருந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து முனிசிபாலிட்டிக்காரன் தண்ணிய நிறுத்திட்டான். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாய் தண்ணிக்கு வந்திருக்கான். வாய் நனையாமலே போயிட்டான்டி."

ஸ்தெலியானா அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவனுக்கு யாரு தண்ணி சுமந்தா?" என்று கேட்டாள்.

"யாரு சுமப்பா? சின்னப் பொண்ணு சுமக்கணும். இந்தக் கட்டடத்துல கடைசியா இருந்த பொண்ணையும் ஸ்பெயினுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

செத்தவனுக்கு நாற்பது நாள் தண்ணீர் சுமப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பேரைச் சொல்லி ஊற்றி வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் "ஆண்டவர் மன்னிக்கட்டும்" என்று சொன்னால்தான் அது அந்தப் பக்கம் போய்ச் சேரும். கடைசி நாளில் ஆற்றங்கரையில் சாட்சி வைத்துத் தண்ணீரை விடுவிக்க வேண்டும். செய்யாவிட்டால் செத்தவன் தாகத்தோடு நிற்பான், எத்தனை காலமானாலும் நிற்பான். வாய் நனையாமல் போனவனுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"நானே சுமக்கிறேன்" என்றாள் ஸ்தெலியானா.

பாதிரியார் ஒன்பது கதவுக்காவது கொடுக்க வேண்டும் என்றார். கட்டடத்தில் ஆள் இருந்ததோ நான்கு வீட்டில்தான். தொப்ரித்சா, புறா வளர்க்கும் ஒரு மனிதர், வாய் பேசாத ஒரு வயதான தம்பதி, ராத்திரி காவலுக்குப் போய்ப் பகலெல்லாம் தூங்கும் ஒருத்தன். வாய் பேசாதவர்கள் என்றால் ஊமைகள் இல்லை, ஒருவரோடொருவர் சண்டை. தண்ணீரை வாங்கிக்கொண்டு, இருவரும் தனித்தனியாக "ஆண்டவர் மன்னிக்கட்டும்" சொன்னார்கள். ஒரே கதவில் இரண்டு புண்ணியம்.

ஸ்தெலியானா தினமும் காலையில் முற்றத்து அடிபம்பில் ஒரு வாளி அடிப்பாள். "பனைத்தோட ஆத்மாவுக்கு" என்று சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் ஊற்றுவாள். முதல் சில நாள் மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். பிறகு, மேலே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வாளியோடு ஐந்தாம் மாடிக்கு ஏறினாள்.

அங்கே யாரும் இல்லை. நடைபாதை ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. மூடுபனி உள்ளே வந்து தரையோடு தரையாகப் படுத்திருந்தது. வெந்நீர் ஓடிய ரேடியேட்டர்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். சுவரில் அறுபட்ட குழாய்கள் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. கடைசிக் கதவின் மேல் யாரோ தகரத்தை வைத்து அடித்திருந்தார்கள்.

மூச்சு வாங்கியது. வாளியைக் கீழே வைத்தாள். வாளி டங் என்றது.

தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆண்டவர் மன்னிக்கட்டும்."

ஆண் குரல். காய்ந்த குரல். தொண்டையில் மண் இருப்பது போல.

வேறு யாராக இருந்தாலும் வாளியைப் போட்டுவிட்டு உருண்டு விழுந்தாவது கீழே வந்திருப்பார்கள். ஸ்தெலியானா என்ன நினைத்தாள் தெரியுமா? ஐந்தாவது கதவு கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். மரத்துப்போன மனதுக்குப் பயம்கூட வெளியூர் விருந்தாளிதான்.

கதவோரம் ஒரு எனாமல் குவளை இருந்தது. ஏறும்போது பார்த்ததாக நினைவில்லை. ஊற்றினாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை, பேரைச் சொல்லவில்லை.

மறுநாள் குவளை கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை, துடைத்து வைத்தது போல இருந்தது.

பக்கத்துக் கதவின் முன்னாலும் ஒரு குவளை வந்திருந்தது.

அதற்கும் ஊற்றினாள். உள்ளேயிருந்து வேறு ஒரு குரல் புண்ணியம் சொன்னது. பிறகு மூன்றாவது கதவு, நான்காவது கதவு. பாதிரியார் சொன்ன கணக்கு நிரம்பியது, தாண்டியது. குவளைகள் ஐந்தாம் மாடியை முடித்துக்கொண்டு நான்காம் மாடிக்கு இறங்கின. எல்லாவற்றிலும் ஆலையின் சக்கர முத்திரை. வாளி பற்றவில்லை. பனைத் பால் வாங்க வைத்திருந்த அலுமினிய கேனை எடுத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள பெரிய கேன். நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் முழங்கால் இடிக்கும், ஒரு படிக்கு ஒரு முறை நின்று நின்றுதான் ஏற முடியும்.

ஒரு நாள் படிக்கட்டின் அடியில் தொப்ரித்சா வழிமறித்தாள்.

"நாலு வீட்டுக்கு எதுக்குடி இவ்வளவு தண்ணி? மேல கல்யாணமா நடக்குது?"

"மேல வாங்கிக்கிறாங்கக்கா."

"மேல யாரு?"

"யாரோ. கதவுக்குப் பின்னாலருந்து புண்ணியம் சொல்றாங்க."

தொப்ரித்சாவின் கிரேன் குரல் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தரைக்கு இறங்கியது.

"நீ பேரைச் சொல்லித்தானே ஊத்துற?"

ஸ்தெலியானா யோசித்தாள். "கீழ சொல்றேன். மேல ஏறினா மூச்சு வாங்குது. சொல்லல."

"அடிப்பாவி. பேரில்லாத தண்ணி பேரில்லாதவனுக்குத்தான் போகும். இதுகூடவா இத்தாலியில மறந்துபோச்சு? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே." அவள் படியிலேயே உட்கார்ந்தாள். "மேல இருந்தவங்க யாருன்னு எனக்குத் தெரியும். உனக்கு அப்பப் பால்பல்லு. ஆத்துத் தண்ணிய பம்ப் ஹவுசுக்குக் கொண்டுவர இன்னொரு வாய்க்கால் வெட்டுனாங்க. வெள்ள நேரம், தடுப்பு தாங்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. மேலிடத்துக்குத் தேதி முக்கியம். பட்டப்பகல்ல உடைஞ்சுது. நான் கிரேன்ல மேல உட்காந்திருக்கேன். ஆளு ஒருத்தரும் தெரியல. தொப்பி மட்டும் மிதந்து போகுது, சந்தையில கொட்டிவிட்ட ஆரஞ்சுப் பழம் மாதிரி. எல்லாம் பம்ப் ஹவுஸ் மதகுக்குள்ள போச்சு. மதகை மூடச் சொல்லி நான் கத்துறேன், கத்துறேன். மூடல. ஆலை நிக்கக் கூடாதாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? சொல்லாம கொள்ளாம வேலையை விட்டு ஓடிட்டாங்கன்னு முடிச்சுட்டாங்க. எல்லாம் இந்த விடுதிப் பசங்க. கேட்டு வர ஆள் கிடையாது. அவங்களுக்குத் தண்ணி சுமக்கக்கூட எங்களை விடல. சுமந்தா செத்தாங்கன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல." தொப்ரித்சா சிலுவை போட்டுக்கொண்டாள். "அத்தனை வருஷத் தாகம்டி அது. டான்யூப்பையே கொடுத்தாலும் இவ்வளவுதானான்னு கேக்கும். உன் தம்பிக்கு ஒரு சொட்டு போயிருக்காது. நிறுத்து. நாளையிலருந்து உசுருள்ள கதவு மட்டும்தான்."

மறுநாள் ஸ்தெலியானா நான்கு வீட்டோடு நிறுத்திக்கொண்டாள். பேரை உரக்கச் சொல்லி ஊற்றினாள். பிறகு பனைத்தின் சமையலறையில் உட்கார்ந்து மக்காச்சோளக் களியைச் சூடு பண்ணினாள்.

பிற்பகலில் குழாய் தட்டும் சத்தம் ஆரம்பித்தது.

அந்த மாதிரிக் கட்டடங்களில் அது சகஜம்தான். மேல் வீட்டில் கூச்சல் போட்டால் கீழ் வீட்டுக்காரர் ரேடியேட்டர் குழாயில் கரண்டியால் தட்டுவார். எல்லா வீட்டுக்கும் போகிற குழாய் அது, மேலே வரை கேட்கும். ஆனால் அந்தக் குழாயைத்தான் மாடிக்கு மாடி அறுத்து விற்றாயிற்றே.

டக். டக்.

ஐந்தாம் மாடியிலிருந்து.

பிறகு நான்காம் மாடியிலிருந்து.

பிறகு தலைக்கு நேர் மேலே, இதுவரை குவளை வராத மூன்றாம் மாடியிலிருந்து.

சத்தம் நின்றது. அடுப்பை அணைத்தாள். தொட்டிக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த அறுபட்ட குழாயிலிருந்து காற்று வந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை. காற்றோடு குரலும் வந்தது. அதில் மிரட்டல் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவனின் குரல்.

"அம்மா, இன்னைக்கு வரலீங்களே."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். குழாயின் வாயருகே குனிந்தாள்.

"என் தம்பிக்கு எடுத்த தண்ணி அது" என்றாள்.

"தெரியும்மா."

"அவன் அங்க இருக்கானா? பனைத்."

"இருக்காரும்மா."

அவள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"குடிச்சானா?"

"இல்லம்மா. வரிசையில கடைசில நிக்கிறார். உங்களுக்கு ரொம்ப நாளாச்சு, நீங்க முதல்ல குடிங்கன்னு எங்களை விட்டுட்டார்."

ஸ்தெலியானா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பயல் அப்படித்தான். சமையல் எண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் ஏழு வயசுப் பனைத்தை நிறுத்தி வைத்தால், கைக்குழந்தைக்காரிக்கு விடுவான், நொண்டிக்கு விடுவான், சும்மா அவசரம் என்று சொன்னவனுக்கும் விடுவான். கடைசியில் காலி பாட்டிலோடு வீட்டுக்கு வந்து சிரிப்பான். அடி வாங்குவான். மறுவாரம் திரும்பவும் விடுவான். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. வலித்தது. இத்தனை நாளில் வலித்தது அதுதான் முதல் முறை.

"முட்டாப்பயலே" என்றாள். குழாயைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு கேட்டாள்: "இன்னும் எத்தனை பேர் இருக்கீங்க?"

உள்ளே பல குரல்கள் குசுகுசுத்தன. வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்து விசாரிப்பது போல இருந்தது.

"தெரியலம்மா" என்றது குரல். "வரிசை ஆத்துக்குள்ள போகுது."

அன்று மாலைக்குள் அவள் ஐந்து கேன் சுமந்தாள்.

அதற்குப் பிறகு அவள் யார் சொல்லியும் நிறுத்தவில்லை. எல்லாரும் குடித்து முடித்தால்தான் இவன் குடிப்பான், இவன் குணம் அவளுக்குத் தெரியும். தொப்ரித்சா கத்தினாள், திட்டினாள், பாதிரியாரைக் கூட்டி வந்தாள். பாதிரியார் மூன்றாம் மாடி வரை ஏறி, குவளைகளைப் பார்த்துவிட்டு, தனக்கு முழங்கால் வலி என்று இறங்கிப் போனார். இத்தாலியிலிருந்து கிழவியின் மகள் போன் செய்தாள். ஆற்றுச் சடங்கு முடிந்த மறுநாள் பஸ்ஸில் கிளம்பாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்றாள். ஸ்தெலியானா சரி என்றாள். எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளங்கையில் தோல் உரிந்தது. குவளைகள் இரண்டாம் மாடிக்கு வந்தன, அவள் படுக்கும் வீட்டின் வாசலுக்கு வந்தன.

சுமக்கத் தொடங்கிய நாற்பதாம் நாள் உச்சிவேளையில் ஆற்றங்கரைக்குப் போனார்கள். பகல்தான், ஆனால் பனியில் பகலா இரவா என்று பிரித்துச் சொல்ல முடியாத வெளிச்சம். சாட்சிக்குத் தொப்ரித்சா வந்திருந்தாள். பாதியாக வெட்டிய சுரைக்குடுக்கையில் ரொட்டித் துண்டை வைத்து, அதில் மெழுகுவர்த்தியைக் குத்திப் பற்றவைத்தாள் ஸ்தெலியானா. ஆற்றில் விட்டாள். கேனிலிருந்து தண்ணீரைச் சரித்து ஊற்றினாள்.

"ஆறே, சூரியனே, பாத்துக்கோங்க. இந்தத் தண்ணிய நான் என் தம்பி பனைத்துக்காகச் சுமந்தேன். அவனுக்காக விடுறேன். யார் சாட்சி?"

தொப்ரித்சா வாயைத் திறந்தாள்.

"நாங்க சாட்சி."

சொன்னது தொப்ரித்சா இல்லை.

பம்ப் ஹவுஸின் மதகுப் பக்கத்திலிருந்து வந்தது. ஷிப்ட் மாறும்போது பேர் கூப்பிட்டால் ஆட்கள் சொல்வார்களே, அதே அலுப்பான, ஒரே சீரான குரல். எத்தனை பேர் என்று எண்ண முடியாது. முன்வரிசை சொல்லி முடித்த பிறகும் பின்னால், தூரத்தில், தண்ணீருக்கு நடுவில், சொல்லிக்கொண்டே போனது.

சுரைக்குடுக்கை ஓட்டத்தோடு போகவில்லை. நின்றது. திரும்பியது. ஓட்டத்தை எதிர்த்து மதகை நோக்கி நகர்ந்தது. மதகின் கம்பிகளுக்கிடையே நுழைந்தது. மெழுகுவர்த்தி அணையவில்லை. இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

தொப்ரித்சா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வந்துடு. ஸ்தெலா, வந்துடுடி" என்றாள். சத்தமே இல்லை, காற்றுதான் வந்தது.

ஸ்தெலியானா கையை விடுவித்துக்கொண்டு தண்ணீரில் முழங்கால் வரை இறங்கினாள்.

"பனைத். நீ குடிச்சியாடா?"

ஆறு ஓடியது. எங்கேயோ ஒரு படகு பனிக்குள் ஹாரன் அடித்தது.

பிறகு, வெகு பின்னாலிருந்து, வரிசையின் கடைசியிலிருந்து, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்பது போலத் தாழ்வாக ஒரு குரல் வந்தது.

"அக்கா, இன்னும் கொஞ்சம் பேர்தான்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதாள். தொப்ரித்சா கரையிலேயே மண்டியிட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆலை வாசலில் மினிபஸ் வந்து நின்றது. ஸ்தெலியானாவின் பெட்டியைத் தொப்ரித்சாவே கட்டி, வாசல் வரை தூக்கிக்கொண்டு போய் வைத்திருந்தாள். "போயிடுடி. உசுரோட இருக்கிற கிழவியைப் பாரு. இதுக்கு முடிவு கிடையாது" என்று சொல்லியிருந்தாள். டிரைவர் ஒரு முறை ஹாரன் அடித்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அடித்தான்.

ஸ்தெலியானா முற்றத்து அடிபம்பில் கேனை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஹாரன் கேட்டது. தலையைத் திருப்பவில்லை. பஸ் புறப்பட்டு, சத்தம் பனிக்குள் தேய்ந்து போகும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள். கேன் விளிம்பு வரை நிரம்பியது.

அணைத்துத் தூக்குவதற்காக ஒரு கைப்பிடியைப் பற்றினாள். கேன் எழும்பியது.

பாதி எடைதான் இருந்தது.

அவள் கேனைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு நடந்தாள். முழங்கால் இடிக்கவில்லை. படிக்கு ஒரு முறை நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒரு சொட்டு சிந்தாமல் முதல் மாடி, இரண்டாம் மாடி, பனைத்தின் கதவு, எல்லாவற்றையும் கேன் கடந்தது. இரண்டு பேர் மூச்சு வாங்கும் சத்தம் படிக்கட்டில் கேட்டது. ஒன்று அவளுடையது.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் கை கடுத்தது. "கொஞ்சம் இருடா" என்று சொல்லி, தன் பக்கத்தைத் தரையில் இறக்கினாள்.

மறுபக்கம் இறங்கவில்லை.

கேன் சாய்ந்து நின்றது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி அவள் செருப்பின் மேல் வழிந்தது. மறுபக்கக் கைப்பிடி அந்தரத்தில், அவள் இடுப்பு உயரத்தில், அவள் மறுபடி தூக்கும்வரை பொறுமையாக நின்றுகொண்டிருந்தது.